மறு கன்னம் யாருடையது? மலையகக் கிறிஸ்தவரும் அன்றாட அகிம்சையும்

மத்தேயு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமையில், இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், ஒரு தேவாலயத்தின் வாங்குகளில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று கவனித்தால், அந்த வசனங்களைப் பிரசங்கிப்பது எவ்வளவு பொறுப்பான வேலை என்பது விளங்கும். வாரம் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் ஒரு பக்கம்; தேயிலைச் செடிகளை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகளோடு ஆண்கள் மறுபக்கம்; முன்வரிசையில் பிள்ளைகள்; கொழும்புக் கடைகளில் வேலைசெய்து விடுமுறைக்கு வந்திருக்கும் இளைஞர்கள் வாசலோரம். சில சபைகளில், தொழிலாளரின் வேலையைக் கணக்கெடுக்கும் தோட்டத்தின் கணக்கப்பிள்ளையும் அவர்களோடு இருப்பார். "ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால், அவனுக்கு மறு கன்னத்தையும் திருப்பிக்கொடு" என்ற வசனம் இவர்கள் எல்லாருடைய காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. முதல் நாள் இரவு அடிவாங்கிய கன்னத்தோடு வந்திருப்பவரும், அடித்த கையோடு வந்திருப்பவரும் அதே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் இந்த வசனத்தை ஒரே விதமாகப் போதிப்பது நியாயமா?

நியாயமில்லை என்பதே என் பதில். மலையகத்தில் கிறிஸ்தவ அகிம்சை நெடுங்காலமாக அடிவாங்குகிறவருக்குரிய பாடமாகவே கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. வேதாகமத்தை நிதானமாக வாசித்தால், அது முதலில் கை ஓங்குகிறவருக்கு இடப்பட்ட கட்டளை என்பதும், அடிவாங்குகிறவருக்கு அது நிமிர்ந்து நிற்பதற்கான ஒரு வழி என்பதும் தெரியவரும். இந்த வரிசை தலைகீழாகப் புரட்டப்படும் இடத்தில் பொறுமை என்ற பெயரில் அநியாயம் பாதுகாக்கப்படுகிறது. அதற்கு இயேசுவின் பெயரும் துணைக்கு அழைக்கப்படுகிறது.

வரிசை புரண்டதற்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பித் தோட்டக் காலத்தில், 1854 இல், தமிழ்க் கூலி மிஷன் கண்டியை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளரிடம் சுவிசேஷத்தைக் கொண்டுசெல்வதற்காக அங்கிலிக்கன் மிஷனரிகள் நடத்திய அந்தப் பணிக்குத் தோட்டத்துரைமாரின் ஆதரவும் பணமும் கிடைத்தன. உபதேசியார் தோட்டத்துக்குள் காலடி வைப்பதற்கும், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் முன்னால் நின்று ஜெபிப்பதற்கும், பிள்ளைகளைக் கூட்டிவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பதற்கும் துரையின் அனுமதி வேண்டியிருந்தது. அந்த உபதேசிமார் கொடுத்த எழுத்தறிவு எத்தனையோ குடும்பங்களைத் தூக்கிவிட்டிருக்கிறது என்பதை நன்றியோடுதான் நினைக்க வேண்டும். ஆயினும், அனுமதி கொடுத்தவரின் காதை உறுத்தாத வசனங்கள்தாம் அப்படிப்பட்ட சூழலில் உரத்து ஒலிக்கும் என்பது மனித இயல்பு. "வேலைக்காரரே, அதிக பயத்துடன் உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று பேதுரு எழுதியது, காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் பொருந்தி வந்தது. "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு எழுதியது அங்கே அவ்வளவு சுலபமாகப் பொருந்தியிருக்காது. இரண்டும் ஒரே புதிய ஏற்பாட்டில், சில பக்க இடைவெளியில் இருக்கின்றன.

இப்போது அந்த வசனத்துக்கே வருவோம். இயேசு வெறுமனே கன்னம் என்று சொல்லவில்லை, வலது கன்னம் என்று சொல்கிறார். எதிரே நிற்கும் ஒருவர் வலக்கையின் உள்ளங்கையால் அறைந்தால் அடி இடது கன்னத்தில் விழும். வலது கன்னத்தில் விழவேண்டுமானால் புறங்கையால் அறைய வேண்டும். புறங்கை அடி உடம்பை நோகச் செய்வதைவிட ஆளை அவமதிப்பதற்கே பயன்பட்டது. எஜமான் அடிமையையும், மேலோர் கீழோரையும், கணவன் மனைவியையும் அப்படித்தான் அறைந்தார்கள். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, ஒருவரை உள்ளங்கையால் அறைந்தவர் 200 சூஸ் நாணயம் அபராதம் கொடுக்க வேண்டும் என்றும், புறங்கையால் அறைந்தவர் 400 சூஸ் கொடுக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. வலி குறைந்த அடிக்கு இரட்டிப்பு அபராதம். அவமானத்துக்கு விலை கூடுதல் என்பதை அந்தச் சமுதாயம் அறிந்திருந்தது.

இந்தப் பின்னணியில் மறு கன்னத்தைத் திருப்புகிறவர் என்ன செய்கிறார் என்று அமெரிக்க வேத அறிஞர் வால்டர் விங்க் விளக்கியிருக்கிறார். இடது கன்னத்தை நீட்டியபின் புறங்கையால் அறைய முடியாது. அறைய வேண்டுமானால் சமமானவரை அடிப்பதுபோல் அடிக்க வேண்டும். இல்லையேல் கையை இறக்க வேண்டும். "நீ அவமதித்துவிட்டாய் என்பதற்காக நான் சிறியவன் ஆகிவிடவில்லை" என்று அந்த முகம் சொல்கிறது. இந்த விளக்கத்தை எல்லா அறிஞர்களும் அப்படியே ஏற்கவில்லை. சிலர் இது மிகவும் நுட்பமாக இழைக்கப்பட்டது என்று கருதுகிறார்கள். என் மட்டில், இதே பகுதியில் வரும் மற்ற உதாரணங்களையும் சேர்த்துப் படிக்கும்போது இந்த விளக்கம் வலுவடைகிறது. "ஒருவன் உன்னை ஒரு மைல் தூரம் வரப் பலவந்தம்பண்ணினால், அவனோடு இரண்டு மைல் தூரம் போ" என்கிறது சற்றுப் பின்னால் வரும் வசனம். ரோமச் சிப்பாய் வழியில் போகும் யூதரைப் பிடித்து மூட்டையைச் சுமக்க வைக்கும் கட்டாய ஊழியத்தைப் பற்றியது அது. இயேசுவின் சிலுவையைச் சுமக்கச் சிரேனே ஊர் சீமோனைப் பலவந்தம்பண்ணினார்கள் என்று மத்தேயு எழுதும் இடத்திலும் கிரேக்கத்தில் அதே வினைச்சொல் வருகிறது. நம் தமிழ் வேதாகமமும் இரண்டு இடத்திலும் அதே சொல்லைக் காத்திருக்கிறது. முதல் மைல் முடிந்ததும் மூட்டையை இறக்காமல் நடக்கிறவர், ஏவப்பட்டவராக இருந்த நிலையிலிருந்து தானே தீர்மானிக்கிறவராக மாறிவிடுகிறார்.

"தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்" என்ற முன்வாக்கியம்தான் பலரைக் குழப்புகிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல், இரண்டு படைகள் எதிரெதிரே நிற்பதைக் குறிக்க அடிக்கடி வழங்கியது. தீமை செய்கிறவரின் ஆயுதத்தையே கையிலெடுத்து அவரைப்போல் ஆகாதே என்பதே அதன் கருத்து என்று கொள்ள இடமுண்டு. தீமையின் முன் வாய்மூடி நில் என்று அதற்குப் பொருள் கொள்வதானால், அதே இயேசு பிரதான ஆசாரியரின் முன் நடந்துகொண்ட விதத்தை நம்மால் விளக்க முடியாது. விசாரணையில் ஒரு சேவகன் அவரை அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை. மௌனமாக மறு கன்னத்தைக் காட்டவும் இல்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் 18 ஆம் அதிகாரத்தின் இந்தக் கேள்வி மலையகத்து மேடைகளில் மத்தேயு 5 அளவுக்கு ஒலித்திருந்தால் நம் சபைகளின் முகம் வேறாக இருந்திருக்கும்.

அந்தக் கேள்வி முதலில் என் காதில் விழுந்தது தேவாலயத்தில் அல்ல. கொழுந்து நிறுக்கும் இடத்தில். பாடசாலை விடுமுறை நாட்களில் அம்மாவுக்குத் தேநீர்ப் போத்தல் கொண்டுபோவது என் வேலை. அப்போது எங்கள் தோட்டத்தில் 16 கிலோ பறித்தால்தான் ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம், விழும். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப் பேர்தான். கொழுந்தின் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் ஒன்றிரண்டு கிலோ கழிக்கப்படும். எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. அம்மா என் பழைய கணக்குக் கொப்பியில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, உள்ளங்கையளவு கொப்பி ஒன்று செய்து வைத்திருந்தார். மழையில் நனையாமல் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். காலை, மதியம், மாலை என்று மூன்று நிறுவையிலும் தராசு முள் காட்டியதைப் பென்சிலால் எழுதுவார். ஒரு நாள் மாலையில் வரிசை நகரும்போது, குரலை உயர்த்தாமல், தலையைக் குனியாமல் கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்: "ஐயா, என் கொப்பியில 18 இருக்கு. உங்க கொப்பியில 15 இருக்கு. நான் தப்பா எழுதியிருந்தா எங்க தப்புன்னு காட்டுங்க. சரியா எழுதியிருந்தா அந்த மூணு கிலோ எங்க போச்சுன்னு சொல்லுங்க."

அவர் அம்மாவைத் திட்டினார். வரிசையில் நின்ற சில பெண்களே "ஏன் புள்ள வம்பு" என்றார்கள். அம்மா கொப்பியை மறுபடியும் பையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அடுத்த நாளும் எழுதினார். ஒரு மாதத்துக்குள் நான்கைந்து பேரின் இடுப்பில் கொப்பி இருந்தது. கழிவு நின்றுவிடவில்லை, அது ஒரே அளவுக்கு வந்தது, யார் கேட்டாலும் காரணம் சொல்லப்பட்டது. அம்மா மெதடிஸ்த சபையில் வளர்ந்தவர். யோவான் 18 ஐ நினைத்துக்கொண்டு அவர் அப்படிப் பேசினாரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் அந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய குரல்தான் கேட்கிறது. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பிறகு, பறிக்க வேண்டிய கிலோ உயர்த்தப்பட்டுவிட்டதென்ற முறைப்பாடுகள் பல தோட்டங்களிலிருந்து எழுந்தபோது, அப்படியான கொப்பியின் பெறுமதி எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. சாட்சியம் எழுதிவைப்பதும் அகிம்சையின் வேலைதான்.

தனி ஒருவரின் இந்த நிமிர்வு கூட்டாகச் செய்யப்பட்டபோது என்ன நடந்தது என்பதற்கு மலையக வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. இந்த வசனங்கள் அடங்கிய மலைப்பிரசங்கம் தன் இதயத்துக்குள் நேரே இறங்கியது என்று தன் சுயசரிதையில் எழுதிய காந்தி, 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது மலையகத்துக்கும் வந்தார். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கி வாக்குரிமையையும் பறித்தபின், 1952 இல் அத்தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது சுமார் 140 நாட்கள் நீடித்தது. பறிபோன உரிமை அப்போது திரும்பவில்லை. பின்னர் 1986 ஜனவரியில், இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் அழைப்பில், தொழிலாளர்கள் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் அமர்ந்தார்கள். கோயில்களிலும் தேவாலயங்களிலும் கூடி ஜெபிக்கிறவரை வேலைநிறுத்தக்காரர் என்று நடத்துவது அரசுக்கும் நிர்வாகத்துக்கும் எளிதாக இருக்கவில்லை. அந்த ஆண்டே, நாடற்றோராக எஞ்சியிருந்த 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. நாட்டின் போர்ச் சூழலும் இந்தியாவின் அழுத்தமும் அதில் பங்குகொண்டன. பிரார்த்தனை மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெபம் என்பது லயத்து அறையான காம்பராவுக்குள் அழுதுவிட்டு எழுந்து வேலைக்குப் போவது மட்டுமே என்று எண்ணிப் பழகிய ஒரு சமூகத்துக்கு, முழங்காலில் நின்றபடியே ஒரு நாட்டின் பொருளாதாரத்தைத் தொட முடியும் என்று அந்தக் காலைகள் காட்டின.

சங்கத்தின் வழியே நிர்வாகத்தோடு பேசுவதும், தொழில் நீதிமன்றத்துக்குப் போவதும் கிறிஸ்தவருக்கு அடுக்குமா என்று இன்றும் சில சபைகளில் கேட்கப்படுகிறது. பவுல் பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் இடப்பட்டபோது, மறுநாள் அதிகாரிகள் அவரை இரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தார்கள். ரோமக் குடிகளாகிய எங்களை வெளிப்படையாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே கொண்டுவரட்டும் என்று அவர் மறுத்துவிட்டார். அப்போஸ்தலர் நடபடிகளை வாசிக்கும் எவரும் இந்தக் கேள்வியை மறுபடி கேட்கத் தேவையில்லை.

இதுவரை சொன்னது கன்னத்தின் பக்கம். கையின் பக்கம் இன்னும் கடினமானது, ஏனென்றால் அங்கே குற்றவாளி நாமாக இருக்கிறோம்.

நாவிலிருந்து தொடங்குகிறேன். சகோதரனை வீணனென்றும் மூடனென்றும் சொல்வதை இயேசு கொலைக் கட்டளையின் விளக்கத்திலேயே சேர்த்துவிடுகிறார். "தோட்டக்காட்டான்", "கள்ளத்தோணி" என்ற சொற்களைக் காதில் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். ஒரு சொல் ஒரு பிள்ளையின் முதுகை எப்படி வளைக்கும் என்பது நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியிருந்தும் சாதியைச் சுட்டும் சொல் நம் சண்டைகளில் எவ்வளவு விரைவாக வாயில் வந்துவிடுகிறது! திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டுக்கொண்டவர்கள் சம்பந்தம் பேசும்போது பின்வாசலால் சாதியை அழைத்துவருகிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிறிஸ்தவர்கள் 7.6 சதவீதம், மலையகத் தோட்டங்களிலும் நாம் இந்துக்களின் நடுவே வாழும் சிறுபான்மையினர். பல குடும்பங்களில் அண்ணன் மாரியம்மன் கோயில் திருவிழாக் குழுவில் இருப்பார், தம்பி ஜெபவீட்டில் பாட்டு நடத்துவார். அந்த அண்ணன் வணங்கும் தெய்வத்தைப் பிசாசு என்று ஒலிபெருக்கியில் சொல்வது சாட்சி பகர்வது ஆகாது. அது ஒரு லயத்தையே இரண்டாகப் பிளக்கும் வன்முறை. தேர் வரும் நாளில் தண்ணீர்ப்பந்தல் வைத்த கிறிஸ்தவ வாலிபர்களையும், நத்தார் இரவில் தேவாலய முற்றத்தை அலங்கரிக்க வந்த இந்து இளைஞர்களையும் நான் கண்டிருக்கிறேன். சமாதானம் அங்கே வாய்ப்பேச்சின்றி நடந்தது.

இனவன்முறைக் காலங்களில் இந்த அன்றாடப் பழக்கம்தான் உயிர்காக்கும் சொத்தாகிறது. 1977 இலும், 1981 இலும், 1983 ஜூலையிலும் மலையகத் தமிழர் தாக்கப்பட்டார்கள், லயங்கள் எரிந்தன, பலர் வவுனியாப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். அதே நாட்களில் தமிழரைத் தம் வீட்டுக்குள் ஒளித்துவைத்த சிங்களக் குடும்பங்களும் இருந்தன. இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கியபோது, தோட்டத்துத் தமிழரையும் சுற்றியுள்ள கிராமத்துச் சிங்களவரையும் ஒன்றாக அமரவைப்பதை அதன் மைய வேலையாகக் கொண்டார். கலவரம் வந்தபின் நல்லெண்ணத்தைத் தேட முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். கிறிஸ்தவர்களே இலக்கான நாளும் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஆராதனைக்கு வந்தவர்கள் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் குண்டுகளால் கொல்லப்பட்டார்கள். ஹோட்டல்களில் இறந்தவர்களையும் சேர்த்து 250 க்கும் மேற்பட்டோர். பழிவாங்க வேண்டாமென்று திருச்சபைத் தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன்பு, 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்ததைப் பார்த்திருந்த மலையகத்தாருக்கு, அந்த வேண்டுகோளின் கனம் தெரிந்திருக்கும். நகரத்துக் கடைத்தெருவில் நமக்குக் கடனுக்கு அரிசி தரும் முஸ்லிம் முதலாளியின் கடைக்கு அடுத்த வாரமும் வழக்கம்போல் போய்ச் சாமான் வாங்கியது அன்றைக்குச் செய்யக்கூடிய மிகச் சிறிய, மிகத் தேவையான காரியமாக இருந்தது.

இனி வீட்டுக்குள் வருவோம். அங்கேதான் நம் அகிம்சை அதிகம் தோற்கிறது.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற நீதிமொழி கிறிஸ்தவ வீடுகளில் நாவின் நுனியில் இருக்கும். "அடியாத மாடு படியாது" என்ற நம் பழமொழி அதற்கு ஒத்தூதும். எபிரேயத்தில் அந்தப் பிரம்பைக் குறிக்கும் அதே சொல்தான் 23 ஆம் சங்கீதத்தில் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்ற இடத்தில் கோலாக வருகிறது. தமிழில் இரண்டு வேறு சொற்களாக மொழிபெயர்க்கப்பட்டதால் இந்தத் தொடர்பு நம் கண்ணில் படுவதில்லை. மேய்ப்பன் அந்தக் கோலால் ஓநாயைத் துரத்துகிறான், ஆட்டை வழிக்குத் திருப்புகிறான். ஆடு அந்தக் கோலைக் கண்டு தேறுகிறது. நீதிமொழிகளை எழுதியவர் உடல் தண்டனையை அறியாதவர் என்று நான் வாதிட வரவில்லை. அந்தக் காலம் அதை அறிந்திருந்தது. ஆனால் புதிய ஏற்பாடு தகப்பன்மாரைப் பார்த்துப் பேசும்போது, "உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்கிறது. திடனற்றுப்போன பிள்ளையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது பெல்ட்டின் ஓசைக்கு முன்பே மூலையில் போய் நிற்கும். வகுப்பில் கை உயர்த்தாது. பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறும்.

கணவன் மனைவியை அடிப்பது பற்றி எழுதும்போது நிதானத்தைக் காப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது. சம்பள நாளின் மாலையில், கசிப்போ சாராயமோ உள்ளே போனபின், லயத்தின் எந்தக் காம்பராவில் சத்தம் கிளம்பும் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். பழைய லயங்களில் இரண்டு காம்பராக்களுக்கு நடுவேயுள்ள சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் விழும் அறை அடுத்த வீட்டுப் பிள்ளையின் தூக்கத்திலும் விழும். அக்கம்பக்கத்தார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். மறுநாள் அந்தப் பெண் போதகரிடம் போனால், "பொறுத்துக்கொள்ளம்மா, உன் ஜெபம் அவரை மாற்றும்" என்ற பதிலே பல இடங்களில் கிடைக்கிறது. பேதுருவின் நிருபத்திலிருந்து, மனைவிகளே கீழ்ப்படிந்திருங்கள் என்ற வசனமும் வாசிக்கப்படும். அடித்தவரை அழைத்து, "உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள், அவர்கள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள்" என்ற கொலோசெயர் வசனத்தை வாசிப்பவர் எத்தனை பேர்? திருவிருந்துக்கு வருமுன் அவர் தன் மனைவியிடம் ஒப்புரவாக வேண்டுமென்று சொல்பவர் எத்தனை பேர்? காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற கட்டளை மனைவிக்குப் பொருந்தாது என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

சிலுவையைச் சுமக்கச் சொன்ன வசனத்தை இந்த அடிக்குப் பொருத்துவது வேதத்தைத் திரிப்பதாகும். சிலுவை என்பது சாட்சிக்காக ஒருவர் தாமே ஏற்பது. இன்னொருவரின் வெறிக்காக அது அவர்மேல் சுமத்தப்படுவதில்லை. இயேசுவும், தம்மைக் கொல்ல வந்தவர்களின் நடுவிலிருந்து பலமுறை விலகிப்போனார். நாசரேத்தில் மலைச்சிகரத்திலிருந்து தள்ள முயன்றபோது அவர்கள் நடுவினின்று கடந்துபோனார். எருசலேமில் கல்லெடுத்தபோது மறைந்து வெளியேறினார். அடிக்கும் வீட்டிலிருந்து பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போகும் பெண் அகிம்சையை மீறவில்லை. அடிக்கிறவரை மேலும் பாவம் செய்யவிடாமல் தடுப்பது அவருக்கும் செய்யும் நன்மை. இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அது ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதற்கான வழக்கு அன்று. அவர் நெருங்காதிருப்பதற்கான கட்டளை. 1938 என்ற இலக்கத்தில் பெண்களும், 1929 என்ற இலக்கத்தில் பிள்ளைகளுக்காகவும் அழைத்து உதவி கேட்கலாம். இந்த இரண்டு இலக்கங்களையும் தேவாலய அறிவித்தல் பலகையில் ஒட்டிவைக்க ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும். பாப்பரசர் பிரான்சிஸ் 2017 ஆம் ஆண்டின் உலக சமாதான நாளுக்கான செய்தியை அகிம்சை பற்றியே எழுதினார். அகிம்சை எல்லாவற்றுக்கும் முன்பாகக் குடும்பத்துக்குள் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்பதை அதில் வலியுறுத்தினார். கத்தோலிக்கர் அல்லாத சபைகளும் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளக்கூடிய வார்த்தை அது.

கோபம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. கோபம் வேண்டும். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று பவுல் எழுதும்போது, பகலில் அது இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறார். தேவாலயத்தில் வியாபாரிகளின் மேசைகளைக் கவிழ்த்தவருக்கு இருந்ததும் கோபம்தான். கயிற்றால் அவர் உண்டாக்கிய சவுக்கு ஒருவர் உடம்பையாவது காயப்படுத்தியதாகச் சுவிசேஷம் சொல்லவில்லை. இருட்டிய பின்னும் தணியாத கோபத்தைப் போத்தலோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவதே நம் ஊர்களின் பிரச்சினை. மலையில் கணக்கப்பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க முடியாத ஆண், அதைக் கேட்காததற்கான தண்டனையைக் காம்பராவுக்குள் இருப்பவளுக்குக் கொடுக்கிறார். ஆகவேதான் நிறுக்குமிடத்து நிமிர்வையும் வீட்டுக்குள் கை இறங்குவதையும் இரண்டு தனித்தனிப் பாடங்களாக என்னால் பிரிக்க முடியவில்லை.

எங்கள் லயத்தில் இரண்டு மூத்த பெண்கள் இருந்தார்கள். ஒருவர் எங்கள் சபையில் பல வருடம் ஞாயிறு பாடசாலை நடத்தியவர். மற்றவர் அடுத்த காம்பராவில் இருந்த இந்துப் பெண், விரதம் தவறாதவர். சம்பள இரவில் எந்தக் கதவுக்குப் பின்னால் சத்தம் எழுந்தாலும் இருவரும் சேர்ந்து லயத்தின் முன் திண்ணையான இஸ்தோப்பு வழியாக நடந்து போவார்கள். கையில் ஒரு சிறு அலுமினியக் கிண்ணம் இருக்கும். கதவைத் தட்டி, உள்ளே இருப்பவளை அழைப்பார்கள்: "தங்கச்சி, கொஞ்சம் உப்பு தாம்மா." கதவு திறக்கும். கிண்ணத்தை நீட்டிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து, மழையைப் பற்றியும் கொழுந்தைப் பற்றியும் மெதுவாகப் பேசத் தொடங்குவார்கள்; உள்ளே நிற்பவரையும் "தம்பி, சாப்பிட்டீங்களா" என்று கேட்பார்கள். கதவு திறந்திருக்கும்வரை, விளக்கு வெளிச்சம் முற்றத்தில் விழுந்திருக்கும்வரை, கை ஓங்காது. அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து, அவர் தூங்கிவிட்டார் என்று தெரிந்த பின்தான் எழுந்து வருவார்கள். அந்தக் காம்பராக்கள் எல்லாவற்றிலும், அவர்கள் இருவருடையதிலும்கூட, உப்பு இருந்தது என்பது லயம் முழுவதற்கும் தெரியும்.